எஞ்சின் ஆயிலும் வாய்க்கால் நீரும்

நாஞ்சில் நாட்டில் உழவு மாடுகள் அருகி உழவு யந்திரங்கள் பெருகிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தொளி உழவு இப்பொழுது பெரும்பாலும் டிராக்டரினாலோ பவர் டில்லரினாலோ நடைபெறுகின்றது. வாய்க்கால் நீரும் மின்சாரமும் எட்டாத இடங்களில் ஆயில் எஞ்சின் இறைக்கின்றது. அறுவடை யந்திரமோ வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, வயல் வயலாக அறுத்துவிட்டுப் போகின்றது. மாட்டுக்குத் தவிடும் பிண்ணாக்கும் வைக்கோலும் வேளை தவறாமல் கொடுத்துப் பழகிய குடியானவர்கள், யந்திரத்துக்கு டீசல் ஊற்றினால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுகின்றனர். டீசல் யந்திரத்தின் தீனி, அது தீர்ந்தால் யந்திரம் நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். எஞ்சின் ஆயிலின் விஷயம் அப்படியன்று. அது கெட்டுப்போன பின்னும் யந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடியோடி உட்பாகங்கள் தேய்ந்து, நடவு நெருக்கடியில் ஆட்கள் நாற்றுக் கட்டுடன் வரப்பில் காத்திருக்கும் நாளில்தான் அது வயலின் நடுவே நிற்கும்.

கோட்டாற்றுக் கடைத்தெரு நாஞ்சில் நாட்டு விவசாயிகளுக்கு நெடுங்காலமாகச் சந்தை. கட்டைவண்டிக்கு வேண்டிய சாமான்களை அங்கே வாங்கிய குடும்பங்களிற் பல இன்று டிராக்டருக்கு வேண்டியவற்றையும் அப்பக்கமே வந்து வாங்குகின்றன. யந்திரச் சாமான் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வேண்டுகோள் ஒன்று உண்டு: “அண்ணாச்சி, ஒரு லிட்டர் போதும், குறைவுக்குத்தான்.” குறைவுக்கு ஊற்றுவது தவறன்று. எந்த எஞ்சினும் சிறிது ஆயிலைக் குடிக்கத்தான் செய்யும். இடையிடையே அளவைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் குறைவுக்கு ஊற்றியதையே ஆயில் மாற்றியதாகக் கணக்கிட்டுக் கொள்வோர் பலர். முறுக்குச் சுட்டுச் சுட்டுக் கருகிய எண்ணெயில் ஓர் ஆழாக்குப் புது எண்ணெயை விட்டால் சட்டியிலுள்ளது முழுவதும் புதிதாகிவிடுமோ? எந்த வீட்டுப் பெண்மணியும் அதை ஒப்புக்கொள்ளமாட்டாள். யந்திரத்தின் வயிற்றில் மட்டும் அந்த நியாயம் மாறுவதில்லை.

ஆயிலின் வேலை வழுவழுப்பூட்டுவது மட்டும் என்று நினைப்பதே இதற்கெல்லாம் மூலகாரணம். கட்டைவண்டியின் அச்சுக்கு இட்ட மசகு அந்த ஒரு வேலையை மட்டும் செய்தது. எஞ்சினுள் ஓடும் ஆயிலோ உராய்வைத் தடுப்பதுடன், பிஸ்டனின் அடியிலும் பேரிங்குகளிலும் உள்ள சூட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்குகின்றது. பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய சந்தை அடைத்து அழுத்தம் கசியாமற் காக்கின்றது. டீசல் எரிவதால் உண்டாகும் கரியைக் கழுவித் தன்னிடமே வைத்துக்கொள்கின்றது. அவ்வெரிதலிற் பிறக்கும் அமிலத்தைத் தன்னிற் கலந்துள்ள காரப் பொருளால் முறிக்கின்றது. இவ்வேலைகளுக்காக ஆயில் தயாரிப்போர் அதிற் பலவகை மருந்துச் சரக்குகளைச் சேர்த்திருக்கின்றனர். ஆயில் ‘கெட்டது’ என்று சொல்வது பெரும்பாலும் இச்சரக்குகள் செலவழிந்து போனதையும், கரியும் தேய்மானத் துகளும் நீரும் எரியாத டீசலும் அதிற் சேர்ந்துவிட்டதையுமே குறிக்கும். அடிப்படையான எண்ணெய் அழிந்துவிடுவதில்லை. முறைப்படி சுத்திகரித்தால் அதை மீண்டும் ஆயிலாக்கலாம். பழைய ஆயிலுக்கும் ஒரு மதிப்பு உண்டென்பதற்கு இதுவே காரணம்.

நிறத்தைப் பார்த்து ஆயிலின் தரத்தை அறியலாம் என்ற எண்ணமும் விவசாயிகளிடையே வேரூன்றி நிற்கின்றது. புது ஆயில் ஊற்றிச் சில மணி நேரம் ஓடியதும் டீசல் எஞ்சினில் அது கறுத்துவிடும். அதைக் கண்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு. உண்மையில் அக்கறுப்பு, கரி ஓரிடத்தில் படிந்து இறுகாமல் ஆயிலிற் பரவி நிற்பதன் அடையாளம். ஆயில் தன் வேலையைச் செய்கின்றது என்றே கொள்ளவேண்டும். மறுபுறம், “முதல் நாளே கறுத்துப்போவதை மாற்றுவானேன், இன்னொரு பருவம் ஓடட்டும்” என்று விட்டுவிடுவோர்தாம் அதிக நஷ்டமடைகின்றனர். நிறத்தில் அஞ்சவேண்டியது வேறு: ஆயில் மோர் போல வெளுத்துக் கலங்கியிருந்தால் உள்ளே நீர் இறங்குகின்றது என்று அறிந்து உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அளவு குறைவதற்குப் பதிலாக ஏறி, டீசல் வாடை வீசினாலும் அவ்வாறே.

அப்படியானால் மாற்றவேண்டிய காலத்தை எதைக் கொண்டு அறிவது? ஓடிய மணிக் கணக்கைக் கொண்டே அறியவேண்டும். இதில் ஒரு விநோதம் இருக்கின்றது. டிராக்டரை வாடகைக்கு விடுபவர் மணி மீட்டரில் ஒரு புள்ளியைக்கூட விடமாட்டார். வயலில் இறங்கும்போது ஒரு பார்வை, ஏறும்போது ஒரு பார்வை. வாடகைக்கு எடுத்தவரும் கூடவே நின்று பார்ப்பார். பத்து நிமிஷ வித்தியாசத்துக்குப் பேச்சு நீளும். அத்தனை உன்னிப்பாகப் பார்க்கப்படும் அதே மீட்டர், ஆயிலுக்காக ஒரு முறையும் பார்க்கப்படுவதில்லை. சென்ற முறை எத்தனையாவது மணியில் ஆயில் மாற்றப்பட்டது என்று கேட்டால், “போன வருஷம் ஆடியிலோ ஆவணியிலோ” என்ற விடையே கிடைக்கின்றது. வரவுக்குப் பார்க்கும் எண்ணைச் செலவுக்கும் பார்ப்பதே நியாயம்.

டிராக்டர்களில் பெரும்பான்மைக்கு 250 மணிக்கு ஒருமுறை என்பது சாதாரணமான கெடு. புதிய வண்டிக்கு முதல் மாற்றம் 50 மணியளவிலேயே வந்துவிடும். சிறிய எஞ்சின்களுக்கும் பவர் டில்லர்களுக்கும் கெடு இதனினும் குறைவாக இருக்கலாம். அந்தந்த யந்திரத்துடன் வந்த கைப்புத்தகம் சொல்வதே முடிவு. 250 மணி என்றவுடன் அது நெடுங்காலம் என்று எண்ணலாகாது. பருவ நெருக்கத்தில் நாளொன்றுக்கு 10 மணி ஓடும் வண்டிக்கு அது 25 நாளில் முடிந்துவிடும். கார் வைத்திருப்போர் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதை வழக்கமாகக் கொண்டிருக்கின்றனர். மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வகுத்தால் அதுவும் 250 மணியே. தார் ரோட்டில் லேசாக ஓடும் காருக்கு வேளை தவறாமற் கொடுப்பதை, முழங்கால் சேற்றில் முழுப் பாரத்துடன் திணறும் டிராக்டருக்கு மறுப்பது என்ன கணக்கு என்று விளங்கவில்லை.

மணி நிறையாத யந்திரங்களும் உண்டு. வருஷம் முழுவதும் 40 மணிகூட ஓடாமல் கொட்டகையில் நிற்கும் ஆயில் எஞ்சினின் சொந்தக்காரர், ஆயில் அப்படியே புதிதாக இருக்கிறதென்று நினைக்கக்கூடும். இரு பருவ மழையும் காணும் இந்நாட்டில் காற்றின் ஈரம் உள்ளே படிந்து, முன்பே இருக்கும் அமிலத்துடன் சேர்ந்து பேரிங்கை அரிக்கும். ஆகையால் மணி நிறையாவிடினும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவதே நலம். அதற்கு ஆயுத பூஜையைப் போலப் பொருத்தமான நாள் வேறில்லை. பெரும்பாலும் அது கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ உழவுக்கும் இடையே வருகின்றது. யந்திரத்தின் வெளிப்புறத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடும் அன்பர்கள், அதற்கு முந்தின நாள் உட்புறத்தையும் கவனித்துவிட்டால் பூஜை பூரணமாகும்.

ஆயிலைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பிடிவாதம் காணப்படுகின்றது. வெயில் நாட்டுக்குக் கெட்டியான ஆயிலே நல்லது என்பது அது. டப்பாவில் 15 டபிள்யூ 40 என்று குறித்திருந்தால், குளிர்ந்த நிலையில் 15 என்ற அளவுக்கு இளகியும், சூடேறிய நிலையில் 40 என்ற அளவுக்குக் கெட்டியாகவும் நிற்கும் என்று பொருள். விடியற்காலையில் எஞ்சினைக் கிளப்பும் முதற் சில விநாடிகளில் ஆயில் மேலே ஏறவில்லையானால் அப்பொழுதே தேய்வு உண்டாகும். அளவு கடந்த கெட்டி ஆயில் அவ்வேளையில் தாமதமாகவே ஏறும். எனவே கைப்புத்தகம் குறிக்கும் எண்ணையும் வகைக் குறியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே சரி. சீல் உடையாத டப்பாவாகவும் பார்த்து வாங்க வேண்டும். சில்லறையாக அளந்து ஊற்றும் ஆயிலில், வெறுமனே துணியில் வடித்த பழைய ஆயில் கலந்திருந்தால் கண்ணால் அறிய வழியில்லை.

மாற்றும் முறை கடினமானதன்று, பொறுமைதான் வேண்டும். யந்திரத்தைச் சமதரையில் நிறுத்திப் பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தவேண்டும். சூடான ஆயில் இளகி, கரியையும் துகளையும் தன்னுடன் இழுத்துக்கொண்டு வடியும். ஆறிப்போன ஆயிலை வடித்தால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். ஆனால் கொதிக்கக் கொதிக்க வடித்துக் கையைச் சுட்டுக்கொள்ளவும் கூடாது. மேல் மூடியைத் திறந்துவிட்டு, அடியில் அகன்ற பாத்திரம் ஒன்றை வைத்து, வடிகால் போல்ட்டைக் கழற்றவேண்டும். பாத்திரம் ஒரு வாளி கொள்ளத்தக்கதாக இருக்கட்டும்; நடுத்தரமான டிராக்டரிலிருந்து ஆறு முதல் எட்டு லிட்டர் வரை இறங்கும். கடைசிச் சொட்டு விழும்வரை அவசரப்படாமல் இருந்து, போல்ட்டைத் துடைத்து, அதன் வாசர் நசுங்கியிருந்தால் புதிது போட்டு முடுக்கவேண்டும். வெறி கொண்டவனைப்போல் முடுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் கோட்டாற்றுப் பட்டறைகளுக்கு நிரந்தர வாடிக்கைக்காரர்கள்.

பில்டரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பெருந்தவறு. பழைய பில்டரில் தங்கியுள்ள அழுக்கு ஆயில் புது ஆயிலில் உடனே கலந்துவிடும். கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். அதன்மேலேயே புதியதைப் பூட்டிவிட்டால் இரண்டு வளையங்களுக்கிடையே ஆயில் பீறிட்டு, ஐந்தே நிமிஷத்தில் தொட்டி வற்றிவிடும்; பார்த்திராதவர்கள் நம்பமாட்டார்கள். புது பில்டரின் வளையத்திற் சிறிது புது ஆயிலைத் தடவிக் கையாலேயே திருகி, வளையம் தொட்டபின் முக்காற் சுற்று முடுக்கினாற் போதும். பில்டரின் மேலேயே வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி செய்க. எண்ணெய்க் குளியல் வகையான காற்று வடிகட்டியுள்ள யந்திரங்களில் அதன் கிண்ணத்தையும் அன்றே கழுவி நிரப்பிவிட வேண்டும். பொடி உழவில் எழும் புழுதி முழுவதையும் தாங்குவது அதுவே.

புதிதை ஊற்றுமுன் டீசலாலோ மண்ணெண்ணெயாலோ எஞ்சினின் உள்ளே ‘கழுவும்’ வழக்கம் சில இடங்களில் இருக்கின்றது. அது முழுவதும் வடிவதில்லை. மிச்சம் புது ஆயிலை இளக்கிவிடும். நல்ல பணம் கொடுத்து வாங்கியதை ஊற்றும் முன்பே கெடுத்துக்கொள்வதில் யாதொரு பயனுமில்லை. ஊற்றும்போது அளவுக் கம்பியின் இரு கோடுகளுக்குள் நிற்குமாறு ஊற்றவேண்டும். மேற்கோட்டைத் தாண்டி நிரப்பினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரை பேரிங்கைக் காக்காது. பின் எஞ்சினை மெதுவாகச் சில நிமிஷம் ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைகின்றதா, போல்ட்டிலும் பில்டரிலும் கசிவு உண்டா என்று பார்த்து, நிறுத்தி, சற்றுப் பொறுத்து மீண்டும் கம்பியை இழுத்துப் பார்க்கவேண்டும். புது பில்டர் நிரம்பியதனால் அளவு சிறிது இறங்கியிருக்கும். அதை ஊற்றிச் சரிசெய்க. மணி மீட்டரின் எண்ணையும் தேதியையும் மட்கார்டின் உட்புறத்தில் பெயிண்டினால் எழுதிவிட்டால் அடுத்த முறை தர்க்கத்துக்கு இடமில்லை.

இத்துடன் வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்வதுதான் வழக்கம். பாத்திரத்தில் இருக்கும் ஏழெட்டு லிட்டர் கறுப்பு ஆயிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வரப்போரத்தில் கொட்டுகின்றனர், வாய்க்காற் கரையிற் சாய்க்கின்றனர், வெளியூரிலிருந்து வரும் அறுவடை யந்திரக்காரர்களோ, நின்ற இடத்திலேயே போல்ட்டைக் கழற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றனர். நிலத்துக்குடையவர் அதைக் கண்டும் காணாமலும் இருந்துவிடுகின்றார்.

வேறு நாட்டிலாவது ஓரிடத்திற் கொட்டியது அவ்விடத்தோடு போகும் என்று சொல்லிக்கொள்ளலாம். நாஞ்சில் நாட்டில் அதற்கும் வழியில்லை. 1906-இல் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீர் அனந்தனாறு, தோவாளைக் கால்வாய், நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு முதலியவற்றின் வழியாகக் குளங்களில் விழுந்து, குளத்திலிருந்து வயலுக்கும், மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கும், அங்கிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து மறுபடி குளத்துக்கும் போகின்றது. ஒருவருடைய கழிவு நீர் அடுத்தவருடைய பாசன நீர். எஞ்சியது பழையாற்றிற் கலந்து, கோட்டாற்றையும் சுசீந்திரத்தையும் கடந்து மணக்குடிக் காயலிற் சேர்கின்றது. வழியிலுள்ள சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-ஆம் வருஷத்தில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலைகளாக ஏற்கப்பட்டன. தோவாளையில் வரப்போரத்திற் கொட்டியதன் படலம் அக்குளங்களுக்கு நடந்தே வந்துவிடும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு இலாகா, ஒருமுறை மாற்றிய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல நீரைக் கெடுக்கக்கூடும் என்று சொல்லிவருகின்றது. அவர்களுடைய காலன் ஏறக்குறைய 3.8 லிட்டர், ஆக 38 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கர் வயலில் இரண்டு அங்குலம் நீர் நின்றால் அது சுமார் இரண்டு லட்சம் லிட்டராகும். அக்கணக்குப்படி ஒரு வண்டியின் பழைய ஆயில் 19 ஏக்கர் நீருக்குச் சமம். நெல்லுக்கு விடும் நீர் அவ்வளவு சுத்தமாயிருக்க வேண்டியதில்லை என்று சொல்லலாம். இருந்தாலும் ஆயிற் படலம் காற்று நீரிற் கரைவதைத் தடுக்கும். மீனும் தவளையும் பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சிகளும் சாகும். இளநாற்றின் தாளில் ஒட்டினால் அது கருகும். மண்ணில் ஊறிய இடம் நீரை ஏற்காமல் பல காலம் கெட்டிருக்கும். தேய்ந்த உலோகத் துகள் எங்கும் போகாது.

இங்கே ஒரு வாதத்துக்கு விடை சொல்லவேண்டும். கூண்டுப்புழு தாக்கிய வயலில் மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றை இழுப்பது விவசாய இலாகாவே சொன்ன முறைதானே, அதற்குப் பதிலாகச் சும்மா கிடக்கும் பழைய ஆயிலை உபயோகித்தால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். மண்ணெண்ணெய் லேசானது, பெரும்பாகம் காற்றிற் போய்விடும். பழைய ஆயில் போகாது. கரியும் உலோகமும் அமிலமும் அதனுடன் வயலிலேயே தங்கும். இரண்டையும் எண்ணெய் என்ற ஒரே பெயரால் அழைப்பதனால் வரும் மயக்கம் இது. கறையானுக்காக வேலிக் கால்களிற் பூசுவதும், கொசுவுக்காகத் தேங்கிய நீரில் விடுவதும் இதே வகையைச் சேர்ந்தவை. பழைய ஆயில் நெடுநாள் தோலிற் பட்டுக்கொண்டிருப்பதும் நல்லதன்று. கையைச் சோப்பினாற் கழுவாமல் சோற்றில் வைப்பது பட்டறைப் பையன்களிடம் சாதாரணமாகக் காணும் காட்சி.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ஆம் வருஷத்து அபாயகரமான கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளரிடமே போய்ச் சேரவேண்டும். 2023-இல் வந்த திருத்தம், 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்போரையும் இறக்குமதி செய்வோரையும் அதற்குப் பொறுப்பாளிகளாக்கியிருக்கின்றது. ஆனால் தோவாளையிலோ அகஸ்தீஸ்வரத்திலோ ஒரு டிராக்டர் வைத்திருப்பவர், ஏழு லிட்டர் ஆயிலை எடுத்துக்கொண்டு சுத்திகரிப்பாளரைத் தேடிப் போவார் என்று எதிர்பார்ப்பது வீண். பெரிய பட்டறைகளிலிருந்து பழைய ஆயிலை மொத்தமாக எடுத்துச் செல்வோர் இருக்கின்றனர். அவர்களுக்கு ஏழு லிட்டர் ஒரு பொருட்டன்று. எனவே குற்றத்தை முழுவதும் விவசாயியின் தலையிலேயே சுமத்துவது சரியன்று. கொடுக்க இடமில்லாதவனைக் கொட்டாதே என்றால் அவன் இருட்டின பிறகு கொட்டுவான்.

இதற்கு வழி மிகச் சிறியது. கூட்டுறவுக் கடன் சங்கம் ஒவ்வொன்றிலும் மூடியுள்ள ஒரு பீப்பாய் வைத்தாற் போதும். 200 லிட்டர்ப் பீப்பாய் ஒன்று, ஏழு லிட்டர் வீதம் 28 வண்டிகளின் ஆயிலைக் கொள்ளும். நிரம்பியபின் அனுமதி பெற்றவருக்கு விற்றால் வரும் பணம் பீப்பாயின் விலைக்கும் காவலுக்கும் ஈடுகட்டும். கோட்டாற்றில் ஆயில் விற்கும் வியாபாரிகளும், புது டப்பா வாங்க வருவோரிடம் பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு சிறு தொகையைத் தள்ளிக்கொடுத்தால், வெறுங்கையோடு வந்தவர் அடுத்த முறை டப்பாவோடு வருவார். சங்க நிர்வாகிகளிற் சிலர், எண்ணெய்ச் சரக்கைச் சேமித்தால் தீ அபாயம் வருமே என்று தயங்கக்கூடும். பழைய ஆயில் டீசலைவிட எளிதிற் பற்றாது. உரக் கிடங்கிலிருந்து விலக்கி, கூரையின்கீழ், சிமெண்டுத் தரையிற் சுற்றிலும் ஒரு சாண் வரம்பு கட்டி வைத்தால் அந்தப் பயத்துக்குப் போதிய பரிகாரமாகும்.

விவசாயிகள் செய்யவேண்டியதும் அதிகமில்லை. புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி இறுக மூடி, ‘பழையது’ என்று எழுதி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் வைத்திருக்கவேண்டும். அதிலே நீரோ டீசலோ பிரேக் ஆயிலோ கலந்தால் வாங்குவார் இல்லை. சிந்தியதன்மேல் உமியைத் தூவி வாரிவிட வேண்டும். அவ்வுமியையும் ஓடையோரத்தில் எறியலாகாது. அறுவடை யந்திரத்தை வாடகைக்குப் பேசும்போதே, எங்கள் நிலத்தில் ஆயில் மாற்றினால் பழையதை எடுத்துச் செல்லவேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துப் பேசிவிடுவது நல்லது. மணிக்கு இவ்வளவு என்று பேசும்போது இதையும் பேசுவதில் யாருக்கும் கூச்சம் வேண்டியதில்லை. கும்பப்பூ உழவு தொடங்குமுன் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் இரண்டொரு சங்கங்களிலேனும் பீப்பாய் வைத்துப் பார்த்தால், மாசி அறுவடைக்குள் அது எத்தனை முறை நிரம்பிற்று என்பது தெரிந்துவிடும்.